ஒன்பதடிப் பாறை

டுவேன் ஃபோஸ் "பார்க்கலாம்" என்றதை ஹார்லன் நெஸ் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அறுபத்து நாலு வயது வரைக்கும் மின்னசோட்டாவை விட்டு வேறெங்கும் குடியிருக்காத ஒருவன் செய்யக்கூடிய தப்பா இது? இந்த ஊரில் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்கிற வழக்கமே கிடையாது. "பார்க்கலாம்" என்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பார்கள். இன்னொரு துண்டு கேக் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேட்டவன்தான் புரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஹார்லனே எத்தனையோ பேரை இப்படிப் "பார்க்கலாம்" சொல்லி அனுப்பியவன்தான். ஆனால் ஒன்று வேண்டும் என்கிற வெறி வந்துவிட்டால் காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

அவனுக்கு வேண்டியது டுவேனின் படகில் முன்பக்க இருக்கை. சனிக்கிழமை ஹால்வர்சன் ஏரியில் வால்ஐ மீன் பிடிக்கும் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர். பின்னால் மோட்டாரைப் பிடிப்பது டுவேன், முன்னால் உட்கார்ந்து தூண்டில் கட்டுவது ஹார்லன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதில் மாற்றமே இல்லை. பெவ்வின் தூண்டில் கடைச் சுவரில் இருவரும் மீனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் படங்கள் வருடவாரியாகத் தொங்குகின்றன. படத்துக்குப் படம் மீன் மாறுகிறது, இருவரின் தலைமுடியும் குறைகிறது.

போன நவம்பரில் ஹார்லனுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் வாயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டன. வலது கை விரல்கள் மட்டும் மரத்தே கிடந்தன. பனிக்காலம் முழுவதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகினான். நூல் நழுவும், மறுபடி போடுவான். மறுபடியும் நழுவும், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போடுவான்.

"அந்த நூலக் கீழ வெச்சிட்டு சூப்பைக் குடி ஹார்லன், ஆறுது" என்பாள் மனைவி மார்லிஸ்.

"ஜூன்ல போட்டி இருக்கே."

"டுவேன் சொன்னானா?"

"கேட்டேன். பார்க்கலாம்னான்."

மார்லிஸ் அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டி வாரத்தில் டுவேனே போன் செய்தான். "வியாழக்கிழமை ஒரு சுத்து போய்ட்டு வரலாமாய்யா? காத்து மேக்கால இருந்து வரும்னு சொல்றாங்க." ஹார்லனுக்குத் தலைகால் புரியவில்லை. கையைச் சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தான். அதனால் என்ன, பார்க்கட்டுமே. முடிச்சு இப்போது பத்துக்கு எட்டு தடவை நிற்கிறது.

வியாழக்கிழமை காலை இருவரும் நேரே பாறைக்குப் போனார்கள். ஏரியின் வடக்குப் பக்கம், எல்லாம் இருபத்தைந்து அடி ஆழமாக இருக்கிற இடத்தில், இரண்டு கார் அளவுக்கு ஒரு பாறை மட்டும் எழும்பி நிற்கிறது. அதன் உச்சி பத்தடித் தண்ணீரில். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. இளவயதில் ஒருநாள் ஹார்லனின் நங்கூரம் அதில் போய் மாட்டிக்கொண்டது. நங்கூரம் போனதே என்று திட்டிக்கொண்டே இறக்கிய தூண்டிலில் மீன்மேல் மீனாக ஏறியது. அன்று படகில் டுவேன் இருந்தான். தெரிந்தது அந்த இருவருக்கு மட்டும்தான். மார்லிஸுக்குத் தெரியாது, டுவேனின் மனைவி கரோலுக்கும் தெரியாது. வேறொரு படகு கண்ணில் பட்டால் போதும், இருவரும் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்வார்கள். பெரிய மீன் மாட்டினாலும் எழுந்து நிற்கமாட்டார்கள், வலையைத் தண்ணீரோடு ஒட்டியே தாழ்த்திப் பிடிப்பார்கள். இதனால் டுவேன் வருடத்துக்கு ஐந்து கிலோ ஏறினான் என்று கரோல் புலம்புவாள். மீனுக்காக ஏறிய எடை என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

பாறைக்குக் காற்று வருகிற பக்கமாக வந்து டுவேன் மோட்டாரை நிறுத்தினான். இழுவைப் பையைத் தண்ணீரில் போட்டான். குடை போல அது விரிந்ததும் படகு வேகம் குறைந்து, காற்றோடு பக்கவாட்டில் மெல்ல நகர ஆரம்பித்தது.

"கட்டு" என்றான் டுவேன்.

மிதந்து போகிற படகிலிருந்து ஆழத்தில் தூண்டில் போட ஓடும் தக்கைதான் சரி. தூண்டில் நரம்பில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு நூல் முடிச்சு. அதன்கீழே ஒரு பாசிமணி, பிறகு நடுவில் துளையிட்ட தக்கை, ஈயம், கடைசியில் சின்ன முள்ளும் அதில் நெளிகிற அட்டையும். வீசும்போது தக்கை ஈயத்தோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு தக்கை வழியாக இறங்கும், முடிச்சு வந்து மணியில் முட்டியதும் நிற்கும். முடிச்சு எங்கே இருக்கிறதோ அதுதான் ஆழம். கூடிப்போனால் முள் பாறையில் சிக்கும், குறைந்துபோனால் மீனின் தலைக்கு மேலே போய்விடும். படகு நகர்வதால் அட்டை மேலே தூக்கும், ஆகவே ஈயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடவேண்டும். இவ்வளவுதான் வித்தை. மரத்த விரலுக்கு இதுவே மலை.

ஹார்லன் நூலை நரம்போடு சேர்த்துப் பிடித்தான். ஐந்து சுற்று. முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். எச்சிலில் நனைத்து இறுக்கினான். முதல் தடவையிலேயே நின்றது! இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம், அதாவது ஆறடி, அப்புறம் அரைப் பாகம் அளந்து முடிச்சை நகர்த்தினான். ஒன்பது அடி. பாறை உச்சிக்கு ஒரு அடி மேலே. டுவேனின் தூண்டிலையும் வாங்கிக் கட்டிக்கொடுத்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது, காற்றின்மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டான்.

"எப்படி?"

"மோசமில்ல" என்றான் டுவேன். இந்த ஊரில் அதற்குமேல் புகழ்ச்சி கிடையாது.

அந்தச் சூட்டோடு, சனிக்கிழமைக்கு உதவும் என்று இன்னொன்றையும் கட்டி வைத்துவிட நினைத்தான். படகின் ஓரத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு புதுத் தூண்டில் கழி கிடந்தது.

"அது வேணாம்யா, விடு" என்றான் டுவேன், கொஞ்சம் அவசரமாக.

அதற்குள் ஹார்லன் அதை வெளியே எடுத்துவிட்டான். அதில் ஏற்கெனவே தக்கை கட்டியிருந்தது. பச்சை நூலில் முடிச்சு, முனை ஒட்ட நறுக்கியிருந்தது. அனுபவமில்லாத ஆள்தான் அப்படி நறுக்குவான். அது நழுவும்போது இறுக்கிப் பிடிக்க முனையே இருக்காது. முள்ளில் ஒரு அட்டை காய்ந்து கருகி ஒட்டியிருந்தது. ஹார்லனின் கை தானாக நரம்பை இழுத்தது. ஒரு பாகம். அரைப் பாகம். முடிச்சு விரலுக்கு வந்து நின்றது.

ஒன்பது அடி.

இந்த ஏரியில் ஒன்பது அடிக்கு முடிச்சுப் போட வேறு இடம் இல்லை. கரையோரம் ஐந்தடி ஆறடி, மற்றதெல்லாம் இருபதுக்கு மேல்.

"யாருது?"

"ஜேரட் போட்டு வெச்சிருக்கான் போல" என்றான் டுவேன். ஜேரட் அவன் மகளைக் கட்டியவன். "பாறை வந்துருச்சு, போடு போடு."

ஹார்லன் கழியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். தன் தூண்டிலைக் காற்று வருகிற பக்கம் விட்டான். இரண்டு தக்கைகளும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டு படகின் பின்னால் வந்தன. டுவேன் சொல்லட்டும் என்று காத்திருந்தான். பாறையைத் தாண்டிப் போய், மோட்டாரைப் போட்டுச் சுற்றி வந்து, மறுபடியும் மிதந்தார்கள். டுவேன் மழை பற்றிப் பேசினான். கரோல் செய்த ருபார்ப் கேக்கில் சர்க்கரை குறைந்துபோனதைப் பேசினான். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டும் வண்டி வாங்கியதை, அதன் சக்கரத்தை, அதன் நிறத்தைப் பேசினான். அந்த நிறம் தீர்ந்துபோனதும் மறுபடி மழைக்கு வந்தான்.

மூன்றாவது சுற்றில் ஹார்லனின் தக்கை காணாமல் போனது. வெடுக்கென்று இழுக்காமல், தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு கழியை நிதானமாகப் பின்னால் சாய்த்தான். பெரிய மீன். மரத்த கையால் ரீலைச் சுற்ற முடியாமல், கழியை அந்த முழங்கை இடுக்கில் கொடுத்து இடது கையால் சுற்றினான். டுவேன் முட்டி போட்டு வலையைத் தண்ணீரோடு தாழ்த்திப் பிடித்தான். "விடு, விடு, அவசரப்படாத... இந்தா வந்துட்டா மகராசி." தங்க நிறத்தில் மீன் உள்ளே வந்து விழுந்தது, கண் இரண்டும் கண்ணாடியாக மின்னின. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஒரு கணம் எதுவுமே நடக்காத மாதிரிதான் இருந்தது. அதுதான் ஹார்லனுக்குத் தாங்கவில்லை.

"சனிக்கிழமை முன்னால யாரு உக்காரப் போறது?" என்று கேட்டான்.

இப்படி நேரடியாகக் கேட்பது இங்கே நாலு பேர் நடுவில் துணியை அவிழ்ப்பதற்குச் சமம். டுவேன் வலையை உதறி மடித்தான். "காத்து தெக்கால திரும்புது பாரு."

"டுவேன்."

"கரோல் என்ன சொல்றான்னா..."

"கரோலா படகு ஓட்டுறா? நீ சொல்லுய்யா."

டுவேன் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜேரட்தான். நீ தண்ணில விழுந்துட்டா என்னால தூக்க முடியாது ஹார்லன். என் முதுகு உனக்குத் தெரியாதா? உன்னைப் பொணமா கொண்டுபோய் மார்லிஸ் முன்னால போடச் சொல்றியா? இன்னிக்கு இதைச் சொல்றதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். வாய் வரல."

நியாயமான பேச்சுதான். அது நியாயம் என்று தெரிந்ததே ஹார்லனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மார்ச் மாசமே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்வேன்? எப்ப வந்தாலும் நூலும் கையுமா உக்காந்திருந்த."

"சரி. சீட்டை அவனுக்குக் குடு. பாறையை எதுக்குய்யா காட்டின?"

டுவேன் மடித்த வலையை மறுபடியும் மடித்தான். "ஒரே தடவைதான்" என்றான் கடைசியில். "போன ஞாயித்துக்கிழமை."

"ஒரு தடவை காட்டினாப் பத்தாதா? என் பொண்டாட்டிக்கு நான் சொன்னதில்ல. ஆஸ்பத்திரில நாக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பக்கூட, செத்துட்டா இது டுவேனோட போகட்டும்னுதான் நெனச்சேன். நீ நேத்து வந்த பயலைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்க!"

"பாறைதானேய்யா!" டுவேனுக்கும் குரல் ஏறியது. "என்னவோ உங்கப்பன் கட்டிவெச்ச மாதிரி பேசுற. ஏரி எல்லாருக்கும் பொதுதான?"

டுவேன் மோட்டாரைக் கிளப்பிக் கரைக்குத் திருப்பினான். படகுத் துறையில் டுவேன் மீனை எடுத்து நீட்டினான். "உன் மாப்பிள்ளைக்குப் பொரிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு ஹார்லன் காரில் ஏறினான். கார்க் கதவை இடது கையால் சாத்தவேண்டியிருந்தது, ஓங்கிச் சாத்த வரவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் மார்லிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. கேக் வைத்துக் கேக் வைத்து எல்லோரும் இவனுக்கு ஜாடை காட்டியிருக்கிறார்கள், இவன்தான் மாங்கு மாங்கென்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை பெவ்வின் கடை நிரம்பி வழிந்தது. மறுநாள் போட்டிக்கு அட்டை வாங்க உள்ளூர் ஆட்களும் வெளியூர்க்காரர்களும் நின்றார்கள். பெவ் தொட்டியிலிருந்து அட்டைகளை அள்ளி டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்லன் உள்ளே வந்ததும் பேச்சு கொஞ்சம் அடங்கியது. யாரோ காபி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த இரக்கம்தான் அவனைத் தள்ளிவிட்டது.

"வடக்கே ஒரு பாறை இருக்கு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் எல்லாக் காதும் விடைத்துக்கொண்டது.

"தண்ணித் தொட்டியும் லூதரன் சர்ச் கோபுரமும் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி நில்லுங்க. அப்படியே போங்க, தீவுல எரிஞ்சுபோன பைன் மரம் இருக்குல்ல, அது சிவப்புப் படகுக் கொட்டகைக்கு நேரா வர்ற வரைக்கும். உச்சி பத்தடி. முடிச்சை ஒம்பதடில போடுங்க. மேக்கத்திக் காத்துல மெதந்து வந்தா மீனு உங்களைத் தேடி வரும்."

அட்டைத் தொட்டியில் காற்றுக் குழாய் கொப்பளிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. பெண்டாட்டியோடு சண்டை போட்டதை ஒருவன் சபையில் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் எப்படி நெளிவார்களோ, அப்படி எல்லோரும் நெளிந்தார்கள்.

"ஹார்லன்," என்றாள் பெவ், மெதுவாக, "உன்னை யாரும் கேக்கலையேப்பா."

"ஏரி எல்லாருக்கும் பொதுதான?" என்றான் ஹார்லன். காபியைக் குடிக்காமலே வெளியே வந்தான். அந்த நாள் முழுவதும் அவன் அவ்வளவு இலேசாக இருந்தான். டுவேனும் ஜேரட்டும் காலையில் ரகசியமாகப் போய்ச் சேருவதையும், அங்கே சந்தைக் கூட்டம் நிற்பதைப் பார்த்து டுவேனின் முகம் தொங்குவதையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். வெட்கம் இல்லாமல் ரசித்தான்.

சனிக்கிழமை காலை லூதரன் சர்ச்சின் பின்பக்க மேட்டிலிருந்து பார்த்தான். வடக்கே ஏரியில் படகுகள் மொய்த்துக் கிடந்தன. மோட்டார்கள் உறுமின, ஒருவர் நரம்பில் ஒருவர் நரம்பு சிக்கியது, நங்கூரம் போட்டவனும் மிதந்து வந்தவனும் ஒருவரையொருவர் திட்டுவது காற்றில் அரைகுறையாக வந்து சேர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்றே வலையை நீட்டினார்கள், எல்லோரும் மீனை உயரத் தூக்கிக் காட்டினார்கள். இத்தனை வருடம் தாழ்த்திப் பிடித்ததெல்லாம் எதற்கு என்று தோன்றியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு டுவேனின் சாம்பல்நிறப் படகைத் தேடினான். கிடைக்கவில்லை. கூட்டத்தில் மறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மதியம் எடை போடுகிற நேரத்துக்குப் படகுத் துறைக்கு வந்துவிட்டான். டுவேனின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டாமா? படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. டுவேனின் படகு தெற்கேயிருந்து வந்தது. ஜேரட் முன்னால் உட்கார்ந்திருந்தான், வெயிலில் வெந்து சிவந்த முகம். கரையில் குதித்துக் கயிற்றைக் கட்டினான். அவர்கள் வாளியில் கையளவு மீன் இரண்டு கிடந்தன.

"ஒண்ணும் சரியில்ல ஹார்லன்" என்றான் ஜேரட், கள்ளம் கபடமில்லாமல். "நாணல் பக்கமே நாள் பூரா கெடந்தோம். நான் சொல்லித்தான் பாத்தேன், அந்தப் பாறைக்குப் போலாம் மாமான்னு. வியாழக்கிழமை சாயங்காலமே அவர் தீத்து சொல்லிட்டார். 'அது ஹார்லனோடது, உன்னை அங்க கூட்டிட்டுப் போனது தப்பு, இனி அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்'னுட்டார். காலைல தூரத்துலருந்து அங்க அவ்வளவு படகைப் பாத்ததும் மனுசன் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார். யாருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவருக்குப் புரியவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

ஹார்லன் வாளியில் கிடந்த இரண்டு மீனையும் பார்த்தான். வியாழக்கிழமை சாயங்காலம். இவன் கடையில் வாய் திறப்பதற்கு முந்தின நாள்.

அந்த நேரம் பார்த்து, கோப்பையும் கையுமாக ஒரு வெளியூர்க்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முதல் பரிசு வாங்கியவன். செயிண்ட் கிளவுடிலிருந்து வந்தவனாம், இந்த ஏரியை அதுவரை பார்த்ததே இல்லையாம்.

"நீங்கதான ஹார்லன்? நேத்து கடைல சொன்னீங்களே, நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்." ஹார்லனின் வலது கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினான். "ஒம்பதடி, சொன்னபடியே முடிச்சு போட்டேன். ரொம்ப பெரிய மனசு சார் உங்களுக்கு. யாரு சார் இந்தக் காலத்துல இதெல்லாம் சொல்லுவாங்க?"

கையை உருவிக்கொள்ள ஹார்லனின் விரலில் தெம்பில்லை. நிமிர்ந்து பார்த்தான். படகை இழுவண்டியோடு பூட்டுகிற பட்டையைக் கையில் பிடித்தபடி டுவேன் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ஹார்லனின் முகத்தைப் பார்த்தான், பிறகு அந்த ஆளின் பிடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

டுவேன் எதையும் சுற்றி வளைக்கவில்லை. காற்றைப் பற்றியும் பேசவில்லை.

"அடுத்த வருசம் இவரோடவே போயேன்யா" என்றான். "தண்ணில விழுந்தா உன்னைத் தூக்க இவருக்குத் தெம்பு இருக்கு."

பிறகு பட்டையை இறுக்கிப் பூட்டினான். ஜேரட் வண்டியில் ஏறினான். படகு தண்ணீர் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறிப்போனது, செயிண்ட் கிளவுட்காரன் இன்னும் கையை விடாமல் மீனின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.